ஊரே சேர்ந்து ஒரு ‘தீர்க்கதரிசி’யைச் சூதில் வீழ்த்த முடியுமா? (1880கள், அமெரிக்க மேற்கு, கதைக்கு உதவி தேவை)

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், சரியாக நடுவில் வந்து மாட்டிக்கொண்டேன். இடம் கொலராடோ மலைப்பக்கம் ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். ஊர் கற்பனைதான், காலம் 1880கள். மேல் பள்ளத்தாக்கில் ஒரு ஆள் வந்து குடியேறுகிறான், தனக்குக் கடவுள் நேரடியாகப் பேசுகிறார் என்கிறான், அறுபது பேர் அவன் பின்னால் வந்து தங்கள் நிலப் பத்திரங்களை எல்லாம் அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊருக்கு வரும் ஓடையின் தலைப்பு அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, ஆக தண்ணீர் அவன் கையில். ஷெரிஃப் இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்கிறார், வரவும் மாட்டார்.

ஊர்க்காரர்கள், அதாவது மதுக்கடைக்காரர், தங்கும் விடுதி நடத்தும் ஒரு விதவை, கொல்லர், தந்தி ஆபீஸ் பையன், இவர்கள் எல்லாம் கூடிப் பேசி, அவனைச் சூதாட்டத்தில் இழுத்துவிட்டுப் பத்திரங்களை ஜெயித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். இதுவரை எழுதிவிட்டேன். என் கேள்வி இதுதான்: ஒரு ஊரே சேர்ந்து இப்படி நடித்ததாக நிஜ வரலாறு உண்டா? அப்புறம், சூது பாவம் என்று பிரசங்கம் பண்ணும் ஒருவன் எதற்காகச் சூதாட்ட மேசைக்கு வந்து உட்காருவான்? இதற்குப் பதில் தெரியாமல் எழுதினால் படிப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

வடதிசை:

உண்டு, நன்றாகவே உண்டு. மிசௌரி மாநிலத்தில் வெப் சிட்டி என்று ஒரு ஈய, துத்தநாகச் சுரங்க ஊர். 1900க்குச் சற்று முன்னும் பின்னும் ராபர்ட் போட்ரைட் என்பவரின் கும்பல் அங்கே பொய் ஓட்டப்பந்தயங்கள் நடத்தியது. பக்ஃபுட் கும்பல் என்று பெயர்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வெளியூர்ப் பணக்காரர் ஒருவரிடம் ஒரு ஆள் போவான். "வெப் சிட்டியில் பணக்காரர்கள் சிலர் ஓட்டப்பந்தயத்தில் பந்தயம் கட்டுகிறார்கள், அவர்களுடைய ஓட்டக்காரனுக்கு முதலாளிமேல் கோபம், வேண்டுமென்றே தோற்றுத் தரத் தயாராக இருக்கிறான், நமக்குப் பந்தயம் கட்ட நம்பகமான ஒரு ஆள் வேண்டும்" என்பான். அந்தப் பணக்காரர் ஊருக்கு வருவார். மைதானம் இருக்கும், கூட்டம் இருக்கும், கத்துகிறவர்கள் இருப்பார்கள், கட்டுக் கட்டாகப் பணம் கைமாறும். முதலில் பந்தயப் பணத்தை வைத்திருக்கும் பொறுப்பை அவரிடமே கொடுப்பார்கள். பிறகு பேச்சோடு பேச்சாக அவர் கையில் இருப்பதையும் போட வைப்பார்கள். ஓட்டம் தொடங்கும். ஜெயிக்க வேண்டிய ஓட்டக்காரன் தடுமாறி விழுவான், பணம் போய்விடும்.

இதில் மறுபடி மறுபடி யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏமாந்தவர் போலீஸிடம் போகமுடியாது. ஏனென்றால் அவரே ஒரு பித்தலாட்டத்துக்குத்தான் வந்தார். உங்கள் தீர்க்கதரிசிக்கும் வாயை அடைக்கும் பூட்டு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சீட்டுக்கட்டு:

தம்பி, ஒரு வேண்டுகோள். தயவுசெய்து போக்கர் வைக்காதீர்கள். அந்தக் கால மேற்கில் கிட்டத்தட்ட எல்லா மதுக்கடையிலும் ஓடியது ஃபாரோ. மங்காத்தா ஆடியவர்களுக்கு ஃபாரோ அஞ்சு நிமிடத்தில் புரியும். மேசைமேல் துணி, அதில் பதின்மூன்று ஸ்பேடு சீட்டுகளும் வரைந்திருக்கும், உங்களுக்குப் பிடித்த எண்ணில் காசை வைக்கிறீர்கள். ஆட்டத்தை நடத்துகிறவர், அதாவது வங்கிக்காரர், ஒரு சிறு பெட்டியிலிருந்து இரண்டிரண்டாகச் சீட்டு உருவுவார். முதலாவது சீட்டில் காசு வைத்தவன் தோற்றான், இரண்டாவதில் வைத்தவன் ஜெயித்தான். நம் உள்ளே வெளியேதான். இரண்டும் ஒரே எண்ணாக வந்துவிட்டால் அந்த எண்ணில் இருக்கும் காசில் பாதி வங்கிக்கு. பக்கத்தில் ஒருவர் மணிச்சட்டம் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு எந்தச் சீட்டு எத்தனை முறை போயிற்று என்று மணி தள்ளிக்கொண்டே இருப்பார்.

நேர்மையாக ஆடினால் வங்கிக்குப் பெரிய லாபம் இல்லாத ஆட்டம் அது. அதனால்தான் நேர்மையாக ஆடியவர்கள் குறைவு. அந்தப் பெட்டியிலேயே தந்திரம் வைத்து விற்றார்கள். சீட்டின் முகத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும்படி செய்தார்கள். ஃபாரோ மட்டும் இல்லை, 1888இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் போக்கர் ஆடிய கெப்ளிங்கர் என்றொருவர் சட்டைக் கைக்குள் ஒரு கருவி மாட்டியிருந்தார், முழங்கால்களை விரித்தால் போதும், கயிறு இழுபட்டு உள்ளே ஒளித்திருக்கும் சீட்டு கைக்கு வரும். மேசைக்கு மேல் உடம்பு அசையவே அசையாது. கூட ஆடியவர்கள் ஒருநாள் அவரைப் பிடித்து அமுக்கிச் சோதித்தார்கள், கருவியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எங்களுக்கும் ஆளுக்கொன்று செய்து கொடு என்று கேட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஊர் முழுக்க நடிக்க வேண்டும் என்றால் சீட்டாட்டம் சரிவராது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேருக்குத்தான் இடம். வடதிசை சொன்ன ஓட்டப்பந்தயம் என்றால் முந்நூறு பேருக்கும் வேலை உண்டு.

மலர்விழி_மதுரை:

நான் இந்தக் குழுவில் வெறுமனே வாசிக்கிறவள், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்பா மூணு சீட்டில் தோற்றார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து விதைநெல் வாங்க எடுத்துவந்த பணம். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். சாக்கு விரித்து, அதன்மேல் கவிழ்த்த மூன்று சீட்டு, அதில் ராணி எது என்று காட்ட வேண்டும். சீட்டுப் போடுகிறவன் யாரிடமோ பீடிக்கு நெருப்புக் கேட்கத் திரும்பினான். அந்த நேரத்தில் கூட்டத்தில் நின்ற ஒருத்தர் குனிந்து ராணிச் சீட்டின் மூலையை நகத்தால் லேசாக மடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அந்த மூலை எனக்கும் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. சீட்டுப் போட்டவனுக்கு மட்டும் தெரியவில்லை என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். அப்பா மொத்தத்தையும் வைத்தார். மூலை மடிந்த சீட்டைத் திருப்பினால் அது ஏழு.

சிரித்தவரும் அவர்கள் ஆள்தான் என்று எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து. அப்பாவால் கடைசிவரை அதைப் பற்றிப் பேசமுடியவில்லை, ஏனென்றால் அவர் ஏமாந்தார் என்பதைவிட, அவனை ஏமாற்றப் பார்த்தார் என்பதுதான் அவருக்குக் கூச்சம். நேர்மையான மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிடம் சறுக்கியது அது.

பொன்னிக்கரை, கதையை எழுது தம்பி. ஆனால் இந்த வேலையை விளையாட்டாக எழுதாதே. அந்தப் பத்திரங்கள் அவனுடையவை இல்லை, அந்த அறுபது பேருடையவை. ஊர்க்காரர்கள் ஜெயித்த பிறகு அவை யார் கைக்குப் போகின்றன என்று நீ இன்னும் சொல்லவில்லை.

பொன்னிக்கரை:

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதவே முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பத்திரங்கள் ஊருக்கு வருகின்றன, தண்ணீர் கிடைக்கிறது, சுபம் என்றுதான் வைத்திருந்தேன். அறுபது பேரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வடதிசை:

மலர்விழி அக்கா சொன்ன அந்த மடிந்த மூலை உலகம் முழுக்க இருக்கிறது. அலாஸ்காவில் ஸ்கேக்வே என்ற துறைமுக ஊரில் 1898இல் நடந்ததும் மூணு சீட்டுதான். க்ளோண்டைக் தங்கவேட்டைக்குப் போகும் வழி அது. சோப்பி ஸ்மித் என்கிற ஜெஃபர்சன் ஸ்மித்தின் ராஜ்ஜியம். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே பழைய சோப்பு வியாபாரத்தால். தெருமுனையில் நின்று சோப்புக் கட்டிகளைக் கூட்டத்தின் கண்முன் டாலர் நோட்டுகளில் சுற்றி, மேலே சாதாக் காகிதம் சுற்றி, எல்லாவற்றையும் கலந்து விற்பார், நூறு டாலர் நோட்டு கிடைத்தது என்று கத்துகிறவன் எப்போதும் அவருடைய ஆளாகத்தான் இருப்பான்.

ஸ்கேக்வேயில் அவர்கள் ஒரு தந்தி ஆபீஸ் நடத்தினார்கள். உலகில் எங்கே வேண்டுமானாலும் தந்தி அனுப்ப 5 டாலர். கம்பி சுவரைத் தாண்டி எங்கும் போகவில்லை. அந்த ஊருக்கு உண்மையான தந்தி வந்ததே 1901இல். வீட்டுக்குச் செய்தி போய்விட்டது என்று எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது.

1898 ஜூலையில் ஜான் ஸ்டூவர்ட் என்ற சுரங்கக்காரர் க்ளோண்டைக்கிலிருந்து பை நிறையத் தங்கத்தோடு இறங்கினார், சுமார் 2,700 டாலர் மதிப்பு, மூணு சீட்டில் போய்விட்டது. மற்றவர்கள் மாதிரி அவர் வாயை மூடிக்கொண்டு போகவில்லை, ஊர் முழுக்கச் சொன்னார். ஊர் கொதித்தது. ஜூலை 8 இரவு துறைமேடையில் கூட்டம் போட்டார்கள், துப்பாக்கியோடு வந்த ஸ்மித்தை வாசலில் தடுத்தார்கள், சுட்டுக்கொண்டதில் அவர் அங்கேயே செத்தார். தடுக்க நின்ற ஃபிராங்க் ரீடு குண்டடிபட்டுப் பன்னிரண்டு நாள் வேதனைப்பட்டு இறந்தார். நிஜத்தில் எல்லைப்புற ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு முடித்தன. உங்கள் ஊர் துப்பாக்கி எடுக்காமல் சூதை எடுக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். என் யோசனை: அறுபது பேரில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

இளவேனில்:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டம் பலிக்கும், ஆனால் சாமியார் விழமாட்டான். நம்பிக்கை அப்படி உடைவதில்லை. வில்லியம் மில்லர் என்பவரை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். பலர் அந்த வருடம் அறுவடையைக்கூடச் செய்யவில்லை. வரவில்லை. விடிந்தது, அழுதார்கள், பெரும்பாலோர் கலைந்தார்கள், ஆனால் எஞ்சியவர்கள் அதற்கு வேறு விளக்கம் கண்டுபிடித்தார்கள், அந்த வழியில் வந்த சபைகள் இன்றும் இருக்கின்றன. ஒரு ஓட்டப்பந்தயத்தில் தோற்றதாலா அறுபது பேர் கண்விழிக்கப் போகிறார்கள்? "கடவுள் நம்மைச் சோதிக்கிறார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும் அவனுக்கு.

ஜேம்ஸ் ஸ்ட்ராங் கதையைப் பாருங்கள். மார்மன் என்ற மதப் பிரிவைத் தொடங்கிய ஜோசஃப் ஸ்மித் 1844இல் கொல்லப்பட்டதும், அவர் தன்னைத்தான் வாரிசாக நியமித்துக் கடிதம் எழுதினார் என்று கிளம்பியவர். 1845இல் விஸ்கான்சினில் இந்த மரத்தடியில் தோண்டுங்கள் என்றார், தோண்டினார்கள், பித்தளைத் தகடுகள் கிடைத்தன. பிறகு மிச்சிகன் ஏரியில் பீவர் தீவுக்குக் கூட்டத்தைக் கொண்டுபோனார். 1850 ஜூலை 8 அன்று முடி சூட்டிக்கொண்டார், நிஜமாகவே கிரீடம், அங்கி எல்லாம் போட்டு. அதே ஆள் மாநிலச் சட்டசபைக்கும் இரண்டு முறை தேர்வானார். சுற்றுவட்டார மீனவர்களுக்கும் அவர் கூட்டத்துக்கும் வருடக்கணக்கில் அடிதடி. பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்றுகூடக் கட்டளை போட்டார். அவர் ஆணையில் கசையடி பட்ட தாமஸ் பெட்ஃபோர்டும் இன்னொருவரும் 1856 ஜூனில் அவரைச் சுட்டார்கள், சில வாரம் கிடந்து ஜூலையில் இறந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. கரையிலிருந்து ஆட்கள் வந்து தீவிலிருந்த சுமார் 2,600 பேரை வீட்டைவிட்டுத் துரத்திக் கப்பலில் ஏற்றினார்கள். வீடும் நிலமும் போயிற்று. ராஜாவால் ஒரு முறை, ராஜாவை வென்றவர்களால் ஒரு முறை என்று அந்தச் சனங்கள் இரண்டு முறை பறிகொடுத்தார்கள். மலர்விழி அக்கா கேட்ட கேள்வி அதனால்தான் இந்தக் கதைக்கே உயிர்.

கணக்குப்பிள்ளை:

முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். வெப் சிட்டி விவகாரத்தில் உள்ளூர் வங்கிமீதும் வழக்குப் போனது. வெளியூர்க்காரன் கொண்டுவரும் காசோலையைப் பணமாக்கித் தர உள்ளே ஆள் இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது. ஹாப்ஸ் என்ற ஏமாந்தவர் தொடுத்த வழக்கில் மிசௌரி உச்ச நீதிமன்றம் 1906இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவரும் தப்பான எண்ணத்தோடு வந்தவர்தான், ஆனாலும் மோசடிக்காரர்கள் அந்தச் சாக்கில் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. ஆக அந்தப் பூட்டு நூறு சதவீதம் உறுதியானது இல்லை.

இன்னொன்று, காகிதம். அயோவாவில் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரை மையமாக வைத்து ஜான் மேப்ரே என்பவர் இதே தொழிலைக் குதிரைப் பந்தயம், மல்யுத்தம், குத்துச்சண்டை என்று பெரிதாக நடத்தினார். குத்துச்சண்டைக்காரன் வாயில் ரத்தப் பை ஒன்றைக் கடித்து ரத்தம் கக்கி விழுவான், செத்துவிட்டான் ஓடுங்கள் என்று கத்துவார்கள், ஏமாந்தவரும் கொலைக்கேசுக்குப் பயந்து பணத்தை விட்டு ஓடிவிடுவார். 1909இல் பிடித்தபோது கடிதங்களும் கணக்குகளும் அடங்கிய அவருடைய பெட்டியும் சேர்ந்து சிக்கியது. 1910இல் தபாலை மோசடிக்குப் பயன்படுத்திய குற்றத்தில் இரண்டு வருடச் சிறையும் 10,000 டாலர் அபராதமும். எழுதி வைத்தது அவரை மாட்டிவிட்டது. உங்கள் கதையில் விதவை கணக்கு எழுதுகிறவராக இருந்தால், எதை எழுதுகிறார் எதை எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சீட்டுக்கட்டு:

இளவேனில் சொல்வது சரிதான், ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தம்பி முதலில் முடிவு பண்ண வேண்டியது அந்த ஆள் தன்னையே நம்புகிறானா, இல்லை நம்பாத பித்தலாட்டக்காரனா என்பதை. தன்னை நம்புகிறவனுக்கு மடிந்த மூலை தேவையில்லை. ஊர்க் குதிரைப் பந்தயத்தில் அவன் வாயிலிருந்து தற்செயலாக வரும் பெயரை இரண்டு வாரம் ஜெயிக்க வையுங்கள். மூன்றாவது வாரம் அவனே வருவான், பாவம் என்றெல்லாம் சொல்லமாட்டான், கடவுள் தன் வாக்கை நிரூபிக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வருவான். குறளில் வருகிற மாதிரி, தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்குகிற கதை. பித்தலாட்டக்காரன் என்றால் வெப் சிட்டி வழி, ஓட்டக்காரனை விலைக்கு வாங்கலாம் என்று காதில் போடுங்கள்.

பொன்னிக்கரை:

இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தால்?

நேற்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு பந்தயம் அவன் வாய்ச்சொல் பலிக்கிறது, அவனுக்கே உடம்பு சிலிர்க்கிறது. மூன்றாவது பெரிய பந்தயத்துக்கு முந்தின இரவு அவனுக்கு லேசாகச் சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே நம்புகிறவன் தூங்கப் போவான். இவன் விளக்கில்லாமல் இறங்கிவந்து எதிர்த்தரப்பு ஓட்டக்காரனான கொல்லரின் மகனிடம் ஐம்பது டாலர் கொடுத்துத் தோற்றுவிடு என்கிறான். பையன் வாங்கிக்கொள்கிறான். மறுநாள் அறுபது பேருக்கு முன்னால் "கர்த்தர் எனக்கு ஜெயத்தைக் காட்டினார்" என்று சொல்லிப் பத்திரங்களை வைக்கிறான். பையன் தோற்கவில்லை, காற்றாக ஓடி ஜெயிக்கிறான்.

இப்போது அவன் என்ன சொல்லி எதிர்ப்பான்? நான் லஞ்சம் கொடுத்தேனே, ஏன் ஜெயித்தாய் என்று தன் ஆட்கள் முன்னால் கேட்கமுடியுமா? வழக்குப் போட்டால் கோர்ட்டில் அதையே சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன ஓட்டையும் அடைபடும் என்று நினைக்கிறேன்.

வடதிசை:

இது நிற்கும். அந்த ஐம்பது டாலரைப் பையன் என்ன பண்ணினான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இளவேனில்:

நன்றாக இருக்கிறது. ஆனால் சோதனை என்று சொல்லி அவன் கூட்டத்தைக் கையிலேயே வைத்திருப்பான் என்பதில் நான் மாறவில்லை. பாதிப் பேராவது அவனோடு அடுத்த ஊருக்குப் போவார்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

மலர்விழி_மதுரை:

பத்திரங்கள்?

பொன்னிக்கரை:

அக்கா, விதவை அவற்றை விடுதியின் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைக்கிறாள். மதுக்கடைக்காரர் ஓடைப் பக்கத்து நிலத்தையாவது ஊர் வைத்துக்கொள்ளட்டும் என்கிறார், பெரிய சண்டை வருகிறது, அது ஒரு முழு அத்தியாயம். கடைசியில் ஓடைத் தண்ணீருக்கு மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்பந்தம், நிலம் அவரவருக்கு. இரவில் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பையன் அந்த ஐம்பது டாலரையும் அதே மேசையில் வைத்துவிட்டுப் போகிறான்.

மலர்விழி_மதுரை:

வாங்க வருகிறவர்களில் ஒரு ஆளாவது வாசலிலேயே நின்றுவிட வேண்டும் தம்பி. எங்கள் அப்பா அப்படித்தான். அம்மாவின் தம்பி சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் அதைக் கையால் தொடவில்லை. நான்தான் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன்.

பொன்னிக்கரை:

எழுதிக்கொண்டேன் அக்கா. அவர் வாசலில் நிற்கிறார். அவர் மகள் உள்ளே வருகிறாள், ஒன்பது வயது.